வெங்காயம் நறுக்கும்போது எடுத்த பேட்டி

என் கணவரின் நாவல்களில் வாய் திறந்து பேசுகிற பெண்கள் அத்தனை பேரும் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசியவர்கள். வாசகர்களுக்கு இது தெரியாது. விமர்சகர்களுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஒருவர், 'இவருடைய பெண்கள் பேசும்போது நமக்கும் கண் எரிகிறது' என்று எழுதியிருந்தார். எரியாமல் என்ன செய்யும்?

விஷயம் இதுதான். இவர் பத்திரிகைக்காரர். பிழைக்க வந்த நாட்டில் நம்மவர்களுக்காக நடக்கிற ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் நிருபரும் இவர்தான், துணை ஆசிரியரும் இவர்தான், பிழை திருத்துகிறவரும் இவர்தான். ஆள் வராத அன்றைக்குக் கட்டுக் கட்டி வண்டியில் ஏற்றுகிறவரும் இவரே. வீட்டுக்கு வந்தால் நாவலாசிரியர். பேட்டி எடுத்தே பழகிய மனுஷன் என்பதால், எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் இவருக்குப் பேனா ஓடும். தானாகக் கற்பனை செய்து ஒரு பெண்ணைப் பேசவிட்டால் அவள் நகராட்சி அறிக்கை மாதிரிப் பேசுவாள். முதல் நாவலில் ஒரு தாய், பிள்ளையை வழியனுப்பும்போது, 'உன் உடல்நலம் தொடர்பாக உரிய கவனம் செலுத்து மகனே' என்றாள். அதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில்தான் எங்கள் வீட்டுப் பழக்கம் ஆரம்பித்தது.

"அப்ப எப்படிச் சொல்லுவா? நீயே சொல்லு" என்றார் ரோஷத்துடன்.

"போய்ச் சேர்ந்ததும் சொல்லு, சாப்ட்டியான்னு கேக்க எனக்கு வேற யாரு இருக்கான்னு சொல்லுவா" என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகப் பத்துப் பேராவது தொலைபேசியில் அழுதிருக்கிறார்கள்.

அதிலிருந்து நான் வேலை முடிந்து வந்து சமையலறையில் நின்றால், இவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். கைக்கு அடக்கமான ரெக்கார்டரை எடுத்துச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைப்பார். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

"இன்னிக்கு நீ யாரு தெரியுமா?"

நான் யாராக வேண்டுமானாலும் இருப்பேன். கப்பல் வேலைக்குப் போய்த் திரும்பி வராதவனின் மனைவியாக இருந்திருக்கிறேன். தன் தம்பிக்கே தண்டனை கொடுக்கவேண்டிய நீதிபதியாக இருந்திருக்கிறேன். ஒருமுறை மாமியாரும் மருமகளுமாக நானே இருந்து, எனக்கு நானே சண்டை போட்டு, அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்ததுதான் கொடுமை. ஒரே ஒரு சட்டம் உண்டு. இவர் அவளுடைய வயது, வேலை, வீடு, என்ன நடந்தது எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு நான் நானாகப் பேசக் கூடாது, அவளாகத்தான் பேசவேண்டும். இவர் ஒரு சொல்லையும் மாற்ற மாட்டார்.

எங்கள் மகள் சின்ன வயதில் எல்லா வீட்டிலும் சாயங்காலம் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் 'அம்மா என்ன செய்கிறார்?' என்று கேட்டதற்கு, 'போன வாரம் திருடினாங்க, இப்ப ஜெயில்ல இருக்காங்க' என்று சொல்லிவிட்டாள். டீச்சர் இவரைக் கூப்பிட்டனுப்பி, இவருக்குப் பதிலாக வாசலில் வந்து நின்ற என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவர் மாதிரி எழுந்து நின்றார்.

நூலக அரங்கில் ஒரு கூட்டம். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எழுந்து, "பெண்ணோட மனசு உங்களுக்கு எப்படி சார் இவ்வளவு துல்லியமா தெரியுது?" என்று கேட்டார். இவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "கவனிக்கிறேன், அவ்வளவுதான்" என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். கவனிக்கிறாராம்! வீட்டில் திரைச்சீலையை மாற்றி ஒரு மாதமாகியும் கவனிக்காத மனுஷன்.

ஆனால் பத்திரிகை வேலையில் இவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஆளே வேறு. ஒரு வாயில் கேட்டது செய்தியில்லை என்பார். ஒருவர் சொன்னதை எழுதிய பிறகு அவரிடமே திரும்பப் படித்துக் காட்டி, 'இதுதானே சொன்னீங்க?' என்று கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டார். சொன்னவர் அதோடு எதையாவது சேர்க்கலாம், சொன்னதை அழிக்க முடியாது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பதை எத்தனையோ பேர் பேச்சுக்குச் சொல்வார்கள், இவர் அதைப் பிடித்துக்கொண்டே தொங்குவார். தீப்பிடித்த வீட்டுக்காரரிடம்கூடப் புகை அடங்கியதும் போய்ப் படித்துக் காட்டியிருக்கிறார்.

நாவலுக்கு மட்டும் அந்த வழக்கம் கிடையாது. நான் சொன்னதை எனக்கு யாரும் திரும்பப் படித்துக் காட்டியதில்லை. புத்தகமாக வந்த பிறகு காசு கொடுக்காமல் ஒரு பிரதி கிடைக்கும்.

இனி என் வேலையைச் சொல்லவேண்டும். நான் பல் கட்டும் லேபில் இருக்கிறேன். முன்னால் பல் டாக்டரின் கிளினிக், பின்னால் எங்கள் கூடம். வாயில் எடுத்த அளவை வைத்துப் பிளாஸ்டரில் அச்சு வார்ப்போம். அதன்மேல் மெழுகு வைத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதிப்போம். முதலில் வந்தபோது எனக்குக் கொடுத்தது அச்சுக் கிண்ணங்களைக் கழுவுகிற வேலை. பிறகு பிளாஸ்டரைச் சீவுகிற வேலை. முன்பல் வரிசையை நானே பதிக்கலாம் என்று தலைமை டெக்னீஷியன் சொன்னது இந்த வருஷம்தான். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்துவரவில்லை, பறந்து வந்தேன். வந்து சொன்னேன். இவர் "ஓ, நல்லது" என்றார். பிறகு, "இன்னிக்கு நீ யாரு தெரியுமா?" என்றார்.

அந்தச் சாயங்காலம்தான் புது நாவலின் பெண் வந்தாள்.

"கல்யாணமாகி ரொம்ப வருஷமான ஒருத்தி" என்றார். "வெளிநாட்டுல இருக்கா. புருஷன் ஊருக்கே திரும்பிப் போயிடலாம்னு நினைக்கிறான். அவகிட்ட கேக்கிறான். அவ என்ன சொல்லுவா?"

"அவளுக்கு என்ன வயசு?"

"ஒரு... உன் வயசு இருக்கும்னு வச்சுக்கோயேன்."

"என்ன வேலை?"

"வேலை... ஏதோ ஒரு வேலை."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். மீன் விற்கிற பெண் ஒரே ஒரு பக்கம் வருகிறாள் என்பதற்காக, விடியும் முன்னே மார்க்கெட்டுக்குப் போய் ஈரக் காலோடு நின்றவர் இவர். இவருக்கு ஒரு பெண்ணின் வேலை தெரியவில்லையா? அவள் வீட்டில் எத்தனை அறை, அவளுக்குப் பிள்ளை உண்டா என்று எது கேட்டாலும் மழுப்பினார். எனக்கு மண்டை குடைந்தது. யார் இவள்? இவர் யாரையாவது மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறாரா? நூலகத்தில் கேள்வி கேட்ட அந்தக் கண்ணாடிக்காரியா? ஒரு பக்கம் சந்தேகம், ஒரு பக்கம் ஆசை. ஆளில்லாத சட்டை மாதிரி ஒரு பெண் வந்து நிற்கிறாள், உள்ளே யாரை வேண்டுமானாலும் நான் நிரப்பலாம்.

நிரப்பினேன். அவளைப் பிஸ்கட் கம்பெனியில் சேர்த்துவிட்டேன். பெல்ட்டில் ஓடிவருகிற பிஸ்கட்டை அடுக்குகிறவள். கை மரத்துப்போய், வாசனை பிடிக்காமல் போய், பிஸ்கட்டைப் பார்த்தாலே குமட்டுகிறவள். என் வேலை எனக்கு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு அவளுக்கு அவள் வேலை பிடிக்காது என்று வைத்துக்கொண்டேன். அப்போதுதானே கதையில் காரம் இருக்கும்?

"போவியா?" என்று கேட்டார்.

"போவியாவா? இன்னிக்கே பெட்டி கட்டுவேன்" என்றேன், பிஸ்கட்காரியாக. "எதுக்கு இருக்கணும் இங்க? பொண்ணு தன் வாழ்க்கையைப் பார்த்துக்கிட்டா. எனக்கு என்ன வச்சிருக்கு இந்த ஊர்ல?"

"அங்க போனா என்ன கிடைக்கும்?"

ஒரு வெங்காயம் முழுக்க யோசித்தேன். "அங்க போனா, நீ எந்த ஊருன்னு என்னை யாரும் கேக்க மாட்டாங்க" என்றேன்.

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனார். வெங்காயம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நல்ல வரி விழுந்துவிட்டது என்று எனக்கே ஒரு கர்வம். சர்க்கரை டப்பாமேல் இருந்த ரெக்கார்டரை எடுத்துவைக்கப் போனபோதுதான் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரியவே இல்லை. மனுஷன் போட மறந்துவிட்டார் போலிருக்கிறது, பாவம், அவ்வளவும் காற்றோடு போயிற்றே என்று வருத்தப்பட்டேன்.

அடுத்தடுத்த நாட்களிலும் அவளையே கேட்டார். எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவாள், எதை விட்டுவிட்டுப் போவாள், மகளிடம் எப்படிச் சொல்வாள். நானும் சளைக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்ட கதையாக, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். குளிர்கோட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாளாம். பிஸ்கட் கம்பெனிச் சீருடையைக் குப்பைத்தொட்டியில் போட்டு மூடிமேல் உட்காருவாளாம். இவர் சிரிக்கவேண்டிய இடம் அது. சிரிக்கவில்லை. அன்றைக்கும் விளக்கு எரியவில்லை. வயதாகிறது இவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகையின் ஆசிரியர் ஒரு பெரியம்மா. எல்லோருக்கும் ஆசிரியரம்மாதான். எழுபதைத் தாண்டியும் அச்சகத்துக்காரனை நிற்கவைத்துத் திட்டுகிற குரல். கொஞ்ச நாளாக மேல்வரிசைப் பல் முழுக்கப் போய், எங்கள் கிளினிக்கில்தான் பல்செட் கட்டிக்கொள்கிறார். அவருடைய முன்பல்லை நான்தான் பதித்தேன். மெழுகில் பதித்த பல்லை முதலில் ஒருமுறை வாயில் வைத்துப் பார்ப்போம். வாய்க்குப் பொருந்துகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்த பிறகுதான் கெட்டிப் பல்லாக மாற்றுவோம். அன்றைக்கு டாக்டர் வைத்துவிட்டு, என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

"அம்மா, ஏதாவது பேசுங்க. வாய் எப்படி அசையுதுன்னு பார்க்கணும்" என்றேன்.

"என்ன பேச?"

"மனசுல இருக்கிறதைப் பேசுங்க."

ஆசிரியரம்மா கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மனசுல ஒண்ணுதான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டா என் பேப்பர் என்ன ஆகும்?"

"நாங்க எங்க போறோம்?"

"ஏம்மா, என்கிட்டயே மறைக்கிறியா? அவர்தான் எல்லாம் சொல்லிட்டாரே. ஊர்ல ஒரு பெரிய பத்திரிகையில ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைப் பார்த்துக்கக் கூப்பிட்டிருக்காங்களாம். நான்கூடச் சொன்னேன், வீட்ல கேட்டீங்களான்னு. அதுக்கு அவர், 'கேட்டேன், இன்னிக்கே பெட்டி கட்டுவேன்னு சொல்லிட்டா'ன்னார்."

நான் அவருடைய பல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் பதித்த பல். அதற்குள்ளிருந்து என் வாய்ப்பேச்சு வந்துகொண்டிருந்தது.

"அதுல ஒண்ணு சொன்னியாமே" என்றார் ஆசிரியரம்மா. "அங்க போனா எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்கன்னு. எனக்கு அழுகையே வந்துடுச்சும்மா. இத்தனை வருஷமா உனக்குள்ள இது இருந்துதா? சாயங்காலம் பதில் அனுப்பிடப் போறேன்னார். நல்லா இருங்க."

"பேச்சு தெளிவா இருக்கு" என்றார் டாக்டர்.

ரொம்பத் தெளிவாக இருந்தது. நான் கையுறையைக் கழற்றினேன். தலைமை டெக்னீஷியனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

பஸ்ஸில் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எவ்வளவு பெரிய காரியம்! ஒரு வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போகிற காரியம். அதை எந்த மடையனாவது பிஸ்கட் கம்பெனிக்காரியிடம் கேட்டு முடிவு செய்வானா? இவர் செய்வார். உலகத்தில் இவர் ஒருவர்தான் செய்வார். தீ விபத்துக்கு இரண்டு வாய் கேட்கிற மனுஷனுக்கு, பெண்டாட்டி விஷயத்தில் ஒரு வாயே போதும், அதுவும் அவள் வாயில்லை. சிக்னலில் பஸ் நிற்கிற ஒவ்வொரு தடவையும், இந்நேரம் அனுப்பியிருப்பாரோ என்று மணி பார்த்தேன்.

கோபம் கொஞ்சம் அடங்கியபோது வேறொன்று வந்து உட்கார்ந்தது. குளிர்கோட்டு நான் இட்டுக்கட்டியது. சீருடையும் குப்பைத்தொட்டியும் இட்டுக்கட்டியது. அந்த 'எந்த ஊரு' எங்கிருந்து வந்தது? அதை நான் யோசித்துச் செய்யவில்லை. வெங்காயத்துக்கும் கத்திக்கும் நடுவில் தானாக வந்து விழுந்தது. கிளினிக்கில், கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் அன்பாகத்தான் கேட்பார்கள், நீ எந்த ஊர் என்று. நானும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வேன். அது இவ்வளவு சேர்ந்து கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. அப்படியானால் போகத்தான் நினைக்கிறேனா? என்னை நானே ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். அந்த முகத்திடம் கேட்டுப் பார்க்கவேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குள் போனபோது இவர் மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். கம்ப்யூட்டரில் கடிதம் திறந்து கிடந்தது. 'தங்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன்' என்று ஆரம்பித்திருந்தது. இன்னும் அனுப்பவில்லை. பெரிய பத்திரிகைக்கு எழுதுகிறோம் என்று ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பார். அந்தப் பழக்கத்தை எத்தனை நாள் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு அதற்குக் கும்பிடு போட்டேன்.

"என்ன, இன்னிக்குச் சீக்கிரம்?" என்றார்.

நான் ரெக்கார்டரை எடுத்துவந்து சர்க்கரை டப்பாவையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துச் சாய்த்தேன். பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு நீங்க யாரு தெரியுமா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"நீங்க ஒரு எழுத்தாளர். கல்யாணமாகி ரொம்ப வருஷம். வெளிநாட்டுல இருக்கீங்க. ஊருக்கே திரும்பிப் போகணும்னு நினைக்கிறீங்க. ஏன்?"

"இது..."

"அவராப் பேசணும். அதானே சட்டம்?"

சிவப்பு விளக்கைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலிக்கு எதிர்ப்பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை.

"இங்க என்னைப் படிக்கிறவங்க எல்லாரையும் எனக்குப் பேர் சொல்லித் தெரியும்" என்றார் கடைசியில். "கூட்டத்துல வந்து உக்காந்தா, யார் வரலைன்னு சொல்லிடுவேன். போன மாசம் அவங்கள்ல ஒருத்தருக்கு நானே இரங்கல் குறிப்பு எழுதினேன். எழுதிட்டு எண்ணிப் பார்த்தேன், இன்னும் எத்தனை பேர்னு. பயமா இருந்துச்சு. அங்க, எனக்குத் தெரியாத ஒருத்தன் பஸ் ஸ்டாண்டுல நின்னு என்னைப் படிப்பான். ஒருத்தன் போதும்."

இதை அவர் என்னிடம் சொன்னதே இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டு, இவர் பயப்படுவார் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆனாலும் பேட்டி பேட்டிதான்.

"உங்க மனைவி என்ன வேலை பார்க்கிறாங்க?"

"பல் கட்டுறா."

"அந்த வேலை அவங்களுக்குப் பிடிக்குமா?"

வாயைத் திறந்தார். மூடினார்.

"இந்த வருஷம் அங்க அவங்களுக்கு என்ன நடந்துச்சு?"

"சொன்னா... என்னமோ சொன்னா..." நெற்றியைத் தேய்த்தார். "தெரியலை."

"ஊருக்குப் போறதைப் பத்தி அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே!" என்று நிமிர்ந்தார். "நீதானே சொன்ன, இன்னிக்கே பெட்டி..."

"அது பிஸ்கட் அடுக்குறவ சொன்னது. அவளுக்குத்தான் அந்த வேலை பிடிக்காது. எனக்கு அப்படி யாரு சொன்னா?" என் குரல் உயர்ந்துவிட்டது. "நேரா கேக்குறதுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

இவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நேரா கேட்டா நீ எனக்காகச் சரின்னு சொல்லிடுவ" என்றார் மெதுவாக. "இங்க வந்தப்பவும் எனக்காகத்தான் வந்த. கதைக்குள்ளதான் நீ பயமில்லாம உண்மையைச் சொல்லுவ. நீதிபதியா இருந்தப்ப, கப்பல்காரன் பொண்டாட்டியா இருந்தப்ப, எல்லாம் உண்மை. அதான் இதையும்... ரெக்கார்டரைக்கூடப் போடல. நாவலுக்கு இல்லை இது. எனக்குத்தான் தெரியணும்னு இருந்துச்சு."

அட மடையா, அட என் மடையா என்று மனதுக்குள் சொன்னேன். அடிக்கவும் தோன்றியது, தலையைத் தடவவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை.

"எழுந்திருங்க" என்றேன். "போய் ஆபீஸ் பையை எடுத்துட்டு வாங்க. குறிப்பு எழுதுற அட்டையும் பேனாவும். நிருபரா வந்து உக்காருங்க."

போனார். வந்தார். வீட்டுக்குள்ளேயே வெளியே போகிற சட்டையைக்கூட மாட்டிக்கொண்டு வந்தார், பைத்தியம். அட்டையை முழங்கால்மேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

"உங்க பேரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டார்.

"தொழில்?"

"பல் டெக்னீஷியன். முன்பல் வரிசையை நானே பதிக்கிறேன். இந்த வருஷத்திலேர்ந்து."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதியது.

"ஊருக்குத் திரும்பிப் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

இவ்வளவுதான் கேள்வி. இதற்குப் போய் மனுஷன் ஒரு நாவலையே கிளப்பினார். ஆனால் கேள்வி வந்து எதிரே நின்றதும் யாருடைய வயதும் யாருடைய வீடும் உதவிக்கு இல்லை. நறுக்குவதற்கு வெங்காயமும் இல்லை.

"இல்லை" என்றேன். "எனக்குச் சம்மதமில்லை. இப்பத்தான் என் கையில ஒரு வேலை வந்திருக்கு. அதை விட்டுட்டு வர மாட்டேன். ஊர் என்னன்னு கேக்குறாங்களே, அது எனக்கு வலிக்குது. அதை மட்டும் அந்தப் பிஸ்கட்காரி சொல்லல, நான்தான் சொன்னேன். வலிச்சாலும் இங்கேயே இருக்கேன். நீங்க போகணும்னா போயிட்டு வாங்க, நான் தடுக்கல. ஆனா நான் சரின்னு சொன்னதா யார்கிட்டயும் சொல்லாதீங்க."

எழுதி முடித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தீப்பிடித்த வீட்டுக்காரரிடம் படிக்கிற அதே குரலில், ஒரு சொல் விடாமல் படித்தார். என் பேச்சை எனக்கே ஒருவர் படித்துக் காட்டுவது அதுதான் முதல்தடவை. அது வேறு யாரும் பேசியதாக இல்லை.

"இதுதானே சொன்னீங்க?"

"இதுதான்."

"எதையாவது சேர்க்கணுமா? அழிக்க முடியாது."

"ஒண்ணு சேர்த்துக்கோங்க" என்றேன். "ஊர்லேர்ந்து இங்க கிளம்பினப்பவும் என்னை யாரும் கேக்கல. அவசரமாக் கிளம்பவேண்டிய காலம், கேக்க நேரமில்லை, அது எனக்குத் தெரியும். இருந்தாலும் இதுவரைக்கும் என்னை நானா வச்சு யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்னிக்குத்தான் கேட்டாங்க. அதையும் எழுதிக்கோங்க."

அவர் அதை எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. குனிந்த தலை ரொம்ப நேரம் நிமிரவில்லை. அன்றைக்கு அந்த அறையில் வெங்காயம் கிடையாது என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு கம்ப்யூட்டர்முன் போய் உட்கார்ந்து, 'தங்கள் அழைப்பை மகிழ்ச்சியுடன்' என்பதை அழித்தார். அது அவர் ரொம்ப ஆசைப்பட்ட வரி. அழிகிற ஒவ்வோர் எழுத்தையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வலித்தது, வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். வர இயலவில்லை, வேண்டுமானால் இங்கிருந்தே எழுதி அனுப்புகிறேன் என்று எழுதினார். அதற்கு அவர்கள் இன்னும் பதில் போடவில்லை. போடுவார்கள் என்று நான் சொல்கிறேன், போட மாட்டார்கள் என்று இவர் சொல்கிறார்.

மறுநாள் ஆசிரியரம்மாவுக்குச் சேதி போய்விட்டது. கெட்டிப் பல் வரும்முன்னே சிரித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்து நின்றார்.

சாயங்காலம் நான் சமையலறையில் நின்றபோது, இவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டார். ரெக்கார்டர் இல்லை.

"இன்னிக்கு நான் யாரு?" என்றேன்.

"பல் கட்டுறவ" என்றார். "முன்பல் வரிசைன்னா என்ன? அதுல என்ன கஷ்டம்?"

சந்தேகத்தோடுதான் ஆரம்பித்தேன். மெழுகு எந்தச் சூட்டில் இளகும், பல் எப்படி நிற்கும் என்று சொல்லப்போய், அடுப்பை மறந்துவிட்டேன். "எல்லாப் பல்லையும் நேரா வச்சா பொய்ப்பல்லுன்னு பார்த்தவுடனே தெரிஞ்சிடும்" என்றேன். "ஒரே ஒரு பல்லைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கணும். எந்தப் பல்லு, எவ்வளவு சாய்வு, அதுதான் வேலையே. ஆசிரியரம்மாவுக்கு இடதுபக்கத்துல இரண்டாவது பல்லைச் சாய்ச்சேன். சின்ன வயசு போட்டோவைக் கேட்டு வாங்கிப் பார்த்துட்டுத்தான் செஞ்சேன். இன்னிக்கு வந்து மறுபடி வச்சுக் கண்ணாடியில பார்த்துட்டு, ஐயோ, இது நானேதான்னுட்டாங்க."

இவருடைய வலதுகை சட்டைப்பைப் பக்கம் தானாகப் போனது. பேனாவைத் தேடுகிற கை. எனக்குத் தெரியாதா அந்தக் கையை? பாதிவழியில் நின்றுவிட்டது.

"இதை நான் எழுதிக்கட்டுமா?" என்று கேட்டார்.

இத்தனை நாவலில் முதல்தடவையாகக் கேட்கிறார். அடுப்பிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. அடுப்பை அணைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டேன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.